அறுபது கிலோமீட்டர்க் கல்

ராக்கெட்டையும் விண்வெளியையும் கருப்பொருளாகக் கொண்ட ஒரு திரைப்படம் மிகக் கடுமையான பரீட்சைக்கு உள்ளாகக்கூடிய ஊர் இந்தியாவில் ஒன்று உண்டென்றால், அது திருவனந்தபுரமாகத்தான் இருக்க முடியும். நகரின் வடபால், கடற்கரையோரம், மீனவர் குடியிருப்புகளும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்து கிடந்த தும்பா என்னும் சிற்றூரில், புனித மேரி மக்தலேனா தேவாலயமும் அதனை அடுத்திருந்த ஆயரின் இல்லமும் அலுவலகமும் தொழிற்கூடமுமாக உருமாறிய பிறகு, 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மாலை, அமெரிக்காவிலிருந்து வந்த நைக்-அப்பாச்சி என்ற சிறு ராக்கெட் சீறிக் கிளம்பியதே இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்குப் போடப்பட்ட பிள்ளையார் சுழி. பூமியின் காந்த நடுக்கோடு இவ்வூரை ஒட்டிச் செல்கிறது என்பதே விக்ரம் சாராபாய் இவ்விடத்தைத் தேர்ந்ததற்கு முக்கியமான காரணம். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் நிறுவிய வானாராய்ச்சி நிலையத்தில், ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி காந்த ஊசியின் நுட்பமான அசைவுகளை வருஷக்கணக்கில் குறித்துவந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத சுபாவம் இந்நகரத்துக்குப் பழமையானது என்றே சொல்லவேண்டும். இன்றும் வட்டியூர்க்காவிலோ வலியமலையிலோ தும்பாவிலோ ஆயுளைக் கழித்து ஓய்வுபெற்ற பொறியாளர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே அமர்ந்து விண்வெளிப் படம் பார்ப்பது, சங்கீத வித்வான்கள் நிறைந்த சபையில் மேடைப் பாட்டுக் கேட்பதைப் போன்றதோர் அனுபவம்.

இத்தகைய பரீட்சைக்கு நாம் இவ்வத்தியாயத்தில் எடுத்துக்கொள்ளும் படம், சக்தி சௌந்தர் ராஜன் இயக்கி, ஜெயம் ரவியும் நிவேதா பெதுராஜும் நடித்து, 2018ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் வெளிவந்த ‘டிக் டிக் டிக்’. இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்ற விளம்பரத்தோடு வந்த அதற்கு முன்னோடியே இல்லையா என்றால், வேறு உலகத்தாரைப் பற்றிய கதை என்ற அளவில், ஒன்று இருக்கவே செய்கிறது. தும்பாவில் முதல் ராக்கெட் கிளம்புவதற்கு ஏழு மாதங்களுக்கு முன், 1963 ஏப்ரலில், ஏ. காசிலிங்கத்தின் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’ தமிழ்நாட்டுத் திரைகளுக்கு வந்தது. விஞ்ஞானத்தில் நம்மை விஞ்சிவிட்ட ஒரு கிரகத்தார், தங்களிடம் இல்லாத சங்கீதக் கலையைக் கற்பிக்க நம் பூமியிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கிச் செல்கிறார்கள் என்பது அதன் கதை. பறக்கும் தட்டைக் கண்டு சிரிக்கலாம். ஆனால் இயந்திரம் பெருகிய இடத்தில் பாட்டு வற்றிவிடுமோ என்ற அந்தச் சந்தேகம் முற்றிலும் தமிழனுடையது, கடன் வாங்கியதன்று. ‘டிக் டிக் டிக்’கைப் பற்றி அதே அளவு உறுதியாகச் சொல்ல இயலாது. 1998இல் மைக்கேல் பே எடுத்த ‘ஆர்மகெடான்’ என்ற ஹாலிவுட் படத்தின் நிழல் அதன்மீது பல இடங்களில் விழுந்திருக்கிறது.

கதையின் எலும்புக்கூடு இதுதான். சென்னைக்கு வடக்கே எண்ணூரில் ஒரு விண்கல் விழுந்து உயிர்களைக் குடிக்கிறது. அது வெறும் முன்னறிவிப்பு என்றும், அறுபது கிலோமீட்டர் நீளமுள்ள பெருங்கல் ஒன்று ஏழே நாளில் வங்கக் கடலை ஒட்டி வந்து மோதப்போகிறது என்றும், தமிழ்நாடு, ஆந்திரம், இலங்கை ஆகிய பகுதிகளில் ஏறக்குறைய நாலு கோடி மக்கள் மடிவார்கள் என்றும் விண்வெளிப் பாதுகாப்புத் துறையினர் கணிக்கிறார்கள். அதைப் பிளக்கவல்ல 200 கிலோடன் அணு ஏவுகணை அயல்நாடொன்றின் விண்வெளி நிலையத்தில் இரகசியமாகப் பதுக்கப்பட்டிருக்கிறது. அதைத் திருடிவர, மாயவித்தைக்காரனும் பூட்டிய இடங்களிலிருந்து தப்பும் கலையில் தேர்ந்தவனுமான வாசு என்பவன் தன் கூட்டாளிகளோடு விண்ணுக்கு அனுப்பப்படுகிறான். போன இடத்தில், அவனுடைய மகனைப் பணயமாக வைத்து முகமறியாத ஒருவன் மிரட்டத் தொடங்குகிறான்.

இதன் குணங்களை முதலில் பேசுவோம். ஏனெனில் அவற்றைப் பெரும்பாலான விமரிசகர்கள் பேசாமலே விட்டுவிட்டார்கள்.

வானத்திலிருந்து விழும் விபத்து நியூயார்க்கிலும் பாரிஸிலும் மட்டுமே நிகழும் என்ற திரையுலக சம்பிரதாயத்தை இப்படம் முதற்காட்சியிலேயே உடைத்து, அனல்மின் நிலையத்தின் சாம்பலும் துறைமுகத்தின் புழுதியும் படிந்த எண்ணூரைத் தேர்ந்தெடுத்தது சாதாரணத் துணிச்சலன்று. அபாயம் தன் தெருவுக்கு வரும்போதுதான் மனிதன் விஞ்ஞானத்தைக் காது கொடுத்துக் கேட்கிறான். தவிரவும், இது அசம்பாவிதமான கற்பனையும் அல்ல. 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் ருஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே, சுமார் முப்பது கிலோமீட்டர் உயரத்தில், இருபது மீட்டர் அளவே உள்ள ஒரு கல் வெடித்துச் சிதறியபோது, அதன் அதிர்ச்சி அலையில் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கி ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு பேர் காயமுற்றார்கள். சூரியனின் திசையிலிருந்து வந்ததால் அதை முன்கூட்டி எவரும் காணவில்லை. நம் நாட்டிலேயே, மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி, எரிமலை வாய் என்று நெடுங்காலம் கருதப்பட்டு, பிறகு விண்கல் குடைந்த பள்ளமென்று நிரூபணமான ஒன்று. இதற்கு மாறாக, 2016 பிப்ரவரியில் அப்போதைய வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த நாட்றாம்பள்ளிக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏற்பட்ட வெடிப்பில் ஒருவர் இறந்தபோது, விண்கல் விழுந்தே இறந்தார் என்று தமிழக அரசு அறிவித்ததும், புகைப்படங்களைப் பார்த்த அமெரிக்க விண்வெளி நிறுவனத்தினர் அது தரையில் நேர்ந்த வெடிப்பைப் போலவே இருக்கிறது என்று சொன்னதும் நினைவிருக்கலாம். ஆக, கல் விழாமலே விழுந்ததாக நம்பவும், விழுந்த கல்லை எரிமலை என்று எண்ணவும் நமக்குப் பழக்கம் உண்டு.

இரண்டாவது குணம் இன்னும் நுட்பமானது. அணு ஆயுதத்தை விண்வெளியில் ஒளித்துவைத்திருக்கும் ஒரு நாடு என்ற கற்பனை, மசாலாவுக்காகச் சேர்த்தது போலத் தோன்றினாலும், சர்வதேச சட்டத்தின் ஒரு நரம்பைத் தொடுகிறது. 1967இல் கையெழுத்தான விண்வெளி உடன்படிக்கையின் நான்காவது விதி, பூமியைச் சுற்றும் பாதையிலோ விண்வெளியில் வேறெங்குமோ அணு ஆயுதங்களை நிறுத்திவைக்கலாகாது என்று திட்டவட்டமாகத் தடுக்கிறது. அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே, 1968 பிப்ரவரி 2ஆம் நாள், தும்பா ஏவுதளத்தை இந்திரா காந்தி ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். வானம் எவருடைய கோட்டையும் ஆகக்கூடாது என்ற அக்காலத்துக் கனவின் இரு வெளிப்பாடுகள் அவை. ஆனால் பூமியைக் காப்பதற்காகவே ஓர் அணுகுண்டு விண்ணில் தயாராக இருக்கவேண்டும் என்று நாளை யாராவது வாதித்தால் என்ன சொல்வது? கல்லைத் திசைதிருப்பும் ஆற்றல் பெற்றவன், வேண்டுமானால் அதைப் பூமியை நோக்கியும் திருப்பலாமே என்ற சங்கடத்தைக் வானியலாளர்களான கார்ல் சேகனும் ஸ்டீவன் ஓஸ்ட்ரோவும் 1994இலேயே எழுப்பினார்கள். திரைக்கதாசிரியர் இவ்விவாதத்தைப் படித்திருந்தாரோ இல்லையோ, அதன் வாசற்படி வரை வந்து நின்றிருக்கிறார். உள்ளே நுழைந்திருந்தால் படம் வேறு தரத்ததாக இருந்திருக்கும்.

கதாநாயகனை விஞ்ஞானியாக்காமல் மாயவித்தைக்காரன் ஆக்கியதும் நல்ல யோசனையே. இலட்சிய விஞ்ஞானியைத் திரையில் காட்டுவது எளிதன்று. கரும்பலகையில் சமன்பாடு எழுதும் நடிகரைப் பார்த்தால் நமக்கு நகைப்பே வருகிறது. கைத்திறனும் திசைதிருப்பலும் தெரிந்த ஒருவன், இயந்திரங்கள் நிறைந்த இடத்தில் மனிதர்களின் கவனத்தைக் களவாடுகிறான் என்பதில் சுவை இருக்கிறது.

இனி, குறைக்கு வருவோம். அதற்காக நாம் சென்னைக்கு, அதுவும் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முந்தைய சென்னைக்குப் போகவேண்டியிருக்கிறது.

1861ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் இரவு, நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாராய்ச்சி நிலையத்தில், அரசாங்க வானியலாளராக வந்து சேர்ந்திருந்த நார்மன் போக்சன், தொலைநோக்கியின் வழியே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோளாதலால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயரிட்டார். வரிசை எண் 67. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே, நம்மிடமிருந்து எக்காலத்தும் பத்துக் கோடி கிலோமீட்டருக்கு அப்பாலேயே சுற்றிவரும் அதன் குறுக்களவு, பிற்காலத்து அளவீடுகளின்படி, ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். அதாவது, படத்தில் ஏழு நாள் முன்புதான் தெரியவருகிற கல்லின் பருமனை ஒத்த ஒரு கல்லை, மின்விளக்கும் கணிப்பொறியும் இல்லாத காலத்தில், ஒரு மனிதர் வெறுங் கண்ணைத் தொலைநோக்கியில் பதித்து, அதே சென்னையிலிருந்து பார்த்துவிட்டார். பூமியின் சுற்றுவட்டாரத்துக்கு வந்துபோகும் கற்களில் மிகப் பெரியதான கானிமெட், நாற்பது கிலோமீட்டரைக்கூட எட்டாதது, 1924இலேயே கணக்கில் ஏறிவிட்டது. ஈராஸ் என்பது 1898இல் ஏறியது. அறுபது கிலோமீட்டர்க் கல் ஒன்று, வினாடிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொண்டால், மோதலுக்கு ஏழு நாள் முன்பு அது ஒரு கோடியே இருபது லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். சூரியனுக்கு எதிர்த்திசையிலிருந்து வந்தால், கோவளம் கடற்கரையில் நிற்கும் ஒருவர் தொலைநோக்கி எதுவுமின்றி அதை ஒரு நடுத்தர நட்சத்திரமாகக் காணலாம். இரகசியத் துறை எதுவும் அதை மறைத்துவைத்திருக்க முடியாது.

மோதினால் என்ன ஆகும் என்பதிலும் கணக்கு இடிக்கிறது. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்ஸிகோவின் யுகடான் பகுதியில் விழுந்து, டைனோசார்களின் வமிசத்தை அழித்த கல்லின் குறுக்களவு சுமார் பத்துக் கிலோமீட்டர். குறுக்களவு ஆறு மடங்கானால் பருமன் ஆறை மும்முறை பெருக்கிய அளவு, அதாவது 216 மடங்கு ஆகும். திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறையக் கொல்லம் வரை நீளும் அந்தக் கல்லுக்கு, சராசரியாக மூன்று கிலோமீட்டர் ஆழத்தைத் தொடாத வங்காள விரிகுடா ஒரு பொருட்டே அல்ல. கடல் என்ற தடையே அதற்குத் தெரியாது. எழும் பாறைத்தூளும் கொதிக்கும் ஆவியும் உலகம் முழுவதையும் மூடும்போது, இறப்பவர் நாலு கோடி என்று கணக்கிடும் அதிகாரியைப் பார்த்து நாம் பரிதாபப்படத்தான் வேண்டும். அவர் கணக்கில் பிழைத்துக்கொண்ட பெர்லினிலும் பீகிங்கிலும் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

குண்டின் சங்கதி இதைவிட விநோதமானது. 200 கிலோடன் என்பது ஹிரோஷிமாவில் வீசப்பட்டதைப் போலப் பன்னிரண்டு, பதின்மூன்று மடங்கு சக்தி. மனிதர்களுக்கு எதிராக அது பயங்கரம். கல்லை ஓர் உருண்டையாகக் கொண்டு, கன மீட்டருக்கு இரண்டரை டன் எடை என்று வைத்தால், மொத்த நிறை சுமார் 28 கோடி கோடி கிலோகிராமை நூறால் பெருக்கிய தொகை. குண்டின் சக்தி முழுவதும், ஒரு துளியும் வீணாகாமல், அந்தக் கல்லுக்கே பகிர்ந்தளிக்கப்பட்டாலும், ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பங்கு, ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தைத் தரையிலிருந்து அரை மில்லிமீட்டர் உயர்த்தவும் போதாது. இவ்வளவு பெரிய கல்லுக்குத் தன்னைத் தானே இறுக்கிக் கட்டிக்கொள்ளும் ஈர்ப்புச் சக்தியும் உண்டு. அதைத் தோற்கடித்துத் துண்டுகளைப் பிரித்தெடுக்க அத்தகைய குண்டுகள் ஒரு லட்சத்துக்கு மேல் வேண்டும். ஏதோ ஓர் அற்புதத்தால் கல் இரண்டாகப் பிளந்தே போயிற்று என்றாலும், பாதிகள் விலகும் வேகம் வினாடிக்கு எட்டு சென்டிமீட்டரைத் தாண்டாது. ஏழு நாளும் அவை விலகிக்கொண்டே இருந்தால்கூட ஐம்பது கிலோமீட்டர் நகர்ந்திருக்காது. பூமியின் ஆரமோ 6,400 கிலோமீட்டர். உண்மையில் அந்த அளவுக்குக்கூட விலகாமல், ஈர்ப்பினால் அவை திரும்பவும் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே வாசகருக்கு ஒரு நியாயமான ஐயம் எழலாம்: கற்பனைக் கதையிடம் இத்தனை கறாரான வாய்ப்பாட்டைக் கேட்பது முறையா? பறக்கும் குதிரையை ஏற்றுக்கொள்கிற ரசிகன் பெரிய கல்லை ஏற்றுக்கொள்ளக்கூடாதா? ஏற்றுக்கொள்ளலாம், அந்தப் பொய்யினால் கதைக்கு ஏதேனும் லாபம் இருந்தால். பறக்கும் குதிரையின்றி அந்தக் கதையே இல்லை. ஆனால் இந்தப் படத்தில் கிலோமீட்டர் என்று எழுதிய இடத்தில் மீட்டர் என்று எழுதியிருந்தால், ஒரு காட்சியையும் இழக்காமல், ஏறக்குறைய அத்தனையும் மெய்யாகியிருக்கும் என்பதே நம்முடைய குற்றச்சாட்டு.

அறுபது மீட்டர்க் கல்லை எண்ணிப்பாருங்கள். 1908 ஜூன் 30ஆம் நாள் சைபீரியாவின் துங்குஸ்காப் பகுதியில் இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் காட்டைச் சாய்த்த கல்லும் ஏறக்குறைய இந்த அளவினதே என்று கருதுகிறார்கள். அது ஒரு மாநகரத்தை அழிக்கும், உலகத்தை அழிக்காது. ஆகவே, அயல்நாடு கைகட்டி நிற்பதற்கும், நம்மவர் தாமே ஒரு வழி தேடுவதற்கும் காரணம் பிறக்கிறது. அப்படிப்பட்ட சிறு கல் ஏழு நாளைக்கு முன்புவரை ஒருவர் கண்ணிலும் படாமல் வருவது முற்றிலும் சாத்தியம். நிறையோ பெருங்கல்லினுடையதில் நூறு கோடியில் ஒரு பங்கு; எனவே அதே 200 கிலோடன், கிலோ ஒன்றுக்குக் கல்லையே உருக்கவல்ல சக்தியாக மாறிவிடுகிறது. ஏழு நாள், ஒரு நகரம், ஒரே ஒரு குண்டு என்ற மூன்றும் ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன. திரைக்கதாசிரியரின் உள்ளுணர்வு சரியாகவே வேலை செய்திருக்கிறது. பெரிதாகச் சொன்னால்தான் அரங்கம் அதிரும் என்ற வர்த்தக பயம் அதை ஆயிரத்தால் பெருக்கிவிட்டது.

இவ்வாறு சொல்வது வெறும் குதர்க்கமாகத் தோன்றலாம்; ஆனால் படம் வெளிவந்து ஆறரை ஆண்டு கழித்து இயற்கையே அந்தத் திருத்திய திரைக்கதையை எழுதிக் காட்டியது. 2024 டிசம்பர் 27ஆம் நாள் கண்டுபிடிக்கப்பட்டு, 2024 ஒய்.ஆர்.4 என்று குறியிடப்பட்ட ஒரு கல், 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதக்கூடும் என்ற ஐயம் எழுந்தது. அதன் அளவு சுமார் அறுபது மீட்டர். மோதினால் எங்கே மோதும் என்று வரையப்பட்ட நீண்ட பட்டை, கிழக்குப் பசிபிக்கில் தொடங்கி, தென் அமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக் கடல் என்று நீண்டு தெற்காசியாவில் முடிந்தது. 2025 பிப்ரவரி 18 அன்று மோதும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று என்ற அளவைத் தாண்டியது; இவ்வளவு பெரிய கல் ஒன்றுக்கு அதுவரை கணிக்கப்பட்டதில் இதுவே உச்சம். அடுத்த சில நாட்களில், மேலும் அவதானங்கள் சேரச்சேர, அது சரசரவென்று இறங்கி, 2032இல் பூமிக்கு அபாயமில்லை என்றாயிற்று. நூற்றுக்கு மூன்று என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதா, நடுங்குவதா என்பது புரியாமல் உலகம் கழித்த அந்தச் சில வாரங்களில் இருந்த திகில், பொத்தானை அழுத்த மூன்று வினாடியே பாக்கி என்ற திகிலைக் காட்டிலும் எவ்வளவோ உயர்ந்தது.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. படத்தின் பெயரே கடிகாரத்தின் ஓசை (1981இல் பாரதிராஜாவும் இதே பெயரில் ஒரு படம் எடுத்தார், அதற்கும் விண்வெளிக்கும் சம்பந்தமில்லை). திரைப்படக் கடிகாரத்துக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. தும்பாவில் பிறந்த விண்வெளித் திட்டத்தின் கடிகாரமோ நிற்கத் தெரிந்தது. 2019 ஜூலை 15 அதிகாலை, சந்திரயான்-2ஐச் சுமந்து ஸ்ரீஹரிகோட்டாவில் நின்ற ராக்கெட்டின் இறங்குமுக எண்ணிக்கை, கிளம்புவதற்கு 56 நிமிடம் 24 வினாடி இருக்கும்போது நிறுத்தப்பட்டது. குடியரசுத் தலைவரே நேரில் வந்திருந்தார், நாடு விழித்திருந்தது. ஆயினும் கோளாறு கண்டதும் கையை எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, 22ஆம் நாள், அது பழுதின்றிக் கிளம்பியது. ககன்யான் திட்டத்தில், ஆபத்து நேரத்தில் வீரர்களைக் காக்கும் தப்பிப்பு அமைப்பைச் சோதிக்க 2023 அக்டோபர் 21 அன்று நடந்த பரிசோதனையில், ஐந்தே வினாடி பாக்கியிருக்கையில் கணிப்பொறி தானாகவே எண்ணிக்கையை நிறுத்திற்று. காரணத்தைக் கண்டு களைந்து அன்று காலை பத்து மணிக்கே அதைச் செலுத்தினார்கள். அரங்கத்தில் காட்டினால் இதைவிடப் படபடப்பான காட்சி வேறென்ன இருக்க முடியும்?

ஏழு நாளுக்குள் புதியவர்களைப் பயிற்றி விண்ணுக்கு அனுப்புவதைப் பற்றி விஸ்தாரமாகப் பேச வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி 27 அன்று இதே தும்பாவில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா என்ற நால்வரின் பெயர்களும் நாட்டுக்கு அறிவிக்கப்பட்டன. தேர்ந்த போர்விமான ஓட்டிகளான அவர்களுக்கே ருஷ்யாவில் மட்டும் ஓராண்டுக்கு மேல் பயிற்சி நடந்தது. மாயவித்தைக்காரருக்கு அதைவிடக் குறைவாக ஆகும் என்று நம்ப இடமில்லை.

ஆயினும், நான் மிகப் பெரிய குறையென்று கருதுவது கணக்கிலுள்ள பிழையை அல்ல. பிற்பாதியில் நுழையும் அந்தச் சதிகாரனைத்தான். கல்லுக்கு வஞ்சகமில்லை, பேரமில்லை, கெஞ்சினாலும் கேளாது. அப்படிப்பட்ட எதிரியை அருமையாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அது போதாதென்று, பிள்ளையைக் கடத்தி மிரட்டும் பழைய வில்லனையும் அழைத்துவந்தால், கல் பின்னணிக்குப் போய்விடுகிறது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் உயரத்திலும் சரி, வடசென்னைக் கிடங்கிலும் சரி, அந்த மிரட்டல் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். அதற்கு ராக்கெட் எதற்கு? ஆர்.கே. நகர்ப் பேருந்து ஒன்றே போதும். டி. இமானின் பின்னணி இசை இவ்விடங்களில் அரும்பாடு பட்டுப் பதற்றத்தைத் தூக்கி நிறுத்துகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கல்லை எதிர்கொள்ளும் உண்மையான முறைக்கு வில்லனும் தேவையில்லை, குண்டும் பெரும்பாலும் தேவையில்லை. காற்றில்லாத வெளியில் குண்டு வெடித்தால் அதிர்ச்சி அலை என்பதே இராது. அதிலிருந்து பாயும் எக்ஸ் கதிர்கள் கல்லின் ஒரு பக்கத்தைச் சுட்டு ஆவியாக்க, அந்த ஆவி பீறிடும் வேகத்தில் கல் மறுபக்கம் தள்ளப்படும். ஆகவே பிளப்பதைவிடத் தள்ளுவதே புத்திசாலித்தனம். தள்ளுவதற்கோ சிறு இடியும் போதும் என்பதை அமெரிக்காவின் டார்ட் விண்கலம் 2022 செப்டம்பர் 26 அன்று காட்டிற்று. சுமார் 570 கிலோ எடையுள்ள அது, வினாடிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் போய், 160 மீட்டர் அளவுள்ள டிமார்ஃபஸ் என்ற கல்லில் மோதியபோது, அதன் வேகம் வினாடிக்கு மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மாறியது. ஆனால் 11 மணி 55 நிமிடமாக இருந்த அதன் சுற்றுக்காலம் அரை மணிக்கு மேல் குறைந்துவிட்டது. ஏழு நாளுக்கு முன் தள்ளினால், பூமியைத் தவறவிட வினாடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் வேகமாற்றம் வேண்டும். பத்து ஆண்டுக்கு முன் தள்ளினால் இரண்டு சென்டிமீட்டர் போதும். எனவே இத்துறையில் மிகச் சிறந்த ஆயுதம், முன்கூட்டிக் காண்பது. வேலூருக்குத் தென்மேற்கே ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், வானியலாளர் ஆர். ராஜமோகன் ‘கல்கி’ என்று பெயரிட்டு நடத்திய தேடலில்தான் 1988 பிப்ரவரி 17 அன்று 4130 எண்ணுள்ள சிறுகோள் சிக்கியது. அதற்கு ராமானுஜன் என்று பெயர்.

இந்தக் காத்திருப்பும் தேடலும் எப்படித் திகிலாகக்கூடும் என்பதற்கு அபோஃபிஸின் சரித்திரத்தைச் சொன்னால் போதும். சுமார் 340 மீட்டர் அளவுள்ள அக்கல் 2004 ஜூனில் அகப்பட்டு, அந்த டிசம்பரில் கணக்கிட்டபோது, 2029இல் பூமியில் மோத நூற்றுக்கு 2.7 வாய்ப்பு என்றாயிற்று. சுனாமி நம் கரைகளைத் தாக்கிய அதே நாட்களில் வானியலாளர் சிலர் மட்டும் இந்த எண்ணோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 27 அன்று, அவ்வாண்டு மார்ச் மாதத்தில் வேறு காரியத்துக்காக எடுக்கப்பட்டு எவரும் கவனியாமல் விட்ட பழைய படங்களில் அந்தக் கல் மங்கலாகப் பதிந்திருப்பதைத் தேடிக் கண்டார்கள். அந்த ஒரு புள்ளியைச் சேர்த்ததும் பாதை நிர்ணயமாகி, 2029இன் மோதல் விலகிற்று. ரேடார் அளவீடுகளுக்குப் பிறகு 2021இல், அடுத்த நூறு ஆண்டுக்கு அதனால் அபாயமில்லை என்றும் தெளிவாயிற்று. அது நம்மைக் கடந்து செல்லும்போது நிலத்திலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில், அதாவது நாம் ஏவிவைத்திருக்கும் தொலைத்தொடர்புத் துணைக்கோள்களுக்கும் உட்புறமாக, வரும். அது மிக நெருங்கும் கணம் இந்திய நேரப்படி 2029 ஏப்ரல் 14ஆம் நாள் அதிகாலை மூன்றேகால் மணியளவில். அன்று சித்திரை முதல் நாள். சக்தி சௌந்தர் ராஜனோ, அவருக்குப் பின் வரும் வேறெவரோ, அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்த இரவைக் கதையாக எழுத நினைத்தால், தேதியும் இடமும் தொலைவும் எல்லாம் இயற்கையே குறித்துக் கொடுத்திருக்கிறது. எதையும் ஆயிரத்தால் பெருக்க வேண்டியதில்லை.